ட்ரையர் மாமா அடைகாத்த ஒன்பது முட்டை

பிள்ளைகளா, நம்ம சிவப்பிக் கோழி ஏன் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள் என்று போன கிழமை கேட்டீங்க. அப்பா வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் "அவ அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அது பதிலே இல்லை. சரியான பதில் வேண்டுமென்றால் ட்ரையர் மாமாவைப் பற்றி எழுத வேண்டும்.

இந்த உலகத்தில் ஈரத்தை அவரைப்போல வெறுத்த மனுசன் வேறு யாரும் பிறக்கவில்லை. அப்படிப்பட்டவரைக் கடவுள் கொண்டுவந்து இறக்கிவிட்ட இடம் நம்ம அக்கரப்பத்தனைத் தேயிலை மலை. இங்கே வருசத்தில் பாதி மழை, மீதிப் பாதி மழை வரப்போகிற மூட்டம்.

தேயிலைத் தொழிற்சாலையில் அரைத்த கொழுந்தைக் கடைசியாகச் சூட்டில் காயவைக்கிற மெசின்தான் ட்ரையர். அதன் வாயில் முப்பது வருசம் நின்றவர் அவர். உள்ளே கையை விட்டு ஒரு பிடி தூளை அள்ளுவார், மூக்கில் வைப்பார், "இன்னும் ஈரம் நிக்குது" என்பார். அவர் சொன்னால் தோட்டத்துத் தொரையும் மறுபேச்சுப் பேசமாட்டார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

பென்சன் வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கொடியில் காயும் அடுத்த வீட்டுத் துண்டை மோந்து பார்த்து, "இதை யாரு எடுக்கச் சொன்னது?" என்று சண்டைக்குப் போவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு, பொண்ணோட அப்பா காதில் சொன்னார்: "மாப்பிள்ளை கையில ஈரம் நிக்குது. இன்னும் ஒரு தரம் ஓட்டி எடுத்துட்டு தாலி கட்டச் சொல்லுங்க."

மழையில் நனைந்து வந்த பூனையை ஒரு நாள் கொழுந்துக் கூடையில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். அந்தப் பூனை அன்றைக்கே தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்குக் குடி போய்விட்டது.

இனி முட்டைக்கு வருகிறேன். அப்போது மூத்தவள் நர்சரிக்குப் போய்க்கொண்டிருந்தாள், சின்னவன் பிறக்கவில்லை. உங்கம்மா வளர்த்த சிவப்புக் கோழி ஒன்பது முட்டை மேல் அடைபடுத்திருந்தது. ஏழாவது நாள் காலையில் கீரி வந்து கோழியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. முட்டை மட்டும் சூடாகக் கிடந்தது. அம்மா தாய் வீட்டிலிருந்து கொண்டு வந்த கோழியின் வம்சத்தில் அதுதான் கடைசி. அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து மாமா வந்து நின்றார்.

"ஏம்மா அழுவுற? கோழி என்ன பண்ணுச்சு? சூடு குடுத்துச்சு. அம்புட்டுத்தானே? பாரன்ஹீட் இருநூறு டிகிரிய மேய்ச்சவன் நானு. நூறு டிகிரி எனக்குப் பச்சப் புள்ள மாதிரி. ஏழு நாளு கோழி படுத்துச்சு, பதினாலு நாளு நான் படுக்கிறேன்."

"முட்டை மேலயா மாமா?" என்றேன்.

"பல்லக் காட்டாம கெளம்பு மாப்ள, டவுனுக்குப் போவணும்."

டவுனில் கோழித் தீனி விற்கிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், மீன் வந்த, சூடு வெளியே போகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். அதற்குள் பல்பு பூட்டுகிற விதத்தையும் சொன்னார். கடைசியாக, "உள்ளுக்கு ஒரு சின்னக் கோப்பையில தண்ணி வெச்சிக்கோங்க, மறந்திராதீங்க" என்றார். மாமா முகம் மாறிவிட்டது. பஸ் ஏறியதும் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "முப்பது வருசம் தண்ணிய வெரட்டுன மனுசன்கிட்ட, தண்ணி வெக்கச் சொல்றான் பாரு!"

பெட்டியை மாமா தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார், உள்ளே கோப்பை மட்டும் வைக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. மாமாவுக்குச் சூட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நான் யார்?

உள்ளதைச் சொல்ல வேண்டும், அவரைப்போல உழைத்த கோழி எந்தத் தோட்டத்திலும் இருந்திருக்காது. நேரம் தவறாமல் முட்டையைத் திருப்புவார். நூறு டிகிரியை அசையவிடமாட்டார். ஆனால் அரை மணிக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து, ஒவ்வொரு முட்டையாக எடுத்து மோந்து பார்ப்பார். "மணம் இன்னும் ஏறல" என்று வைப்பார். உள்ளே கொஞ்சநஞ்சம் இருந்த ஈரமும் அந்த வழியாகவே போய்விட்டது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற ஆட்களெல்லாம் வாசலில் நின்று, "மாமா, குஞ்சு முறுகிருச்சா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

இருபத்தோராம் நாள் விடியற்காலையில் ஒரு முட்டையில் கடுகளவு ஓட்டை. உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம். மாமா வரிசை வீடுகளான லயம் முழுக்க ஒரு சுற்று ஓடிச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையிலும் அதே கடுகளவு ஓட்டைதான். மற்ற எட்டும் அசையவே இல்லை. கீச்சு மட்டும் மெலிந்துகொண்டே போனது. உங்கம்மா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சூடு பத்தல மாப்ள. பெரிய பல்பு ஒண்ணு போடுவோம்."

"கொஞ்சம் பொறுங்க மாமா" என்று நானாவுக்குப் போன் போட்டேன். மாமாவும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"உள்ளுக்கு தண்ணி இருக்கா?" இதுதான் நானாவின் முதல் கேள்வி.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா பல்பைப் பார்த்தார்.

"இல்ல நானா."

"அப்ப உள் தோலு காஞ்சு குஞ்ச இறுக்கிப் புடிச்சிருக்கும். அதுக்குத் திரும்ப ஏலாது. வெதுவெதுன்னு தண்ணில பஞ்ச நனைச்சு அந்தத் தோல ஈரமாக்குங்க. மூக்குல மட்டும் தண்ணி படாம பாருங்க. ஓட்டையச் சுத்தி முட்டை ஓட்டக் கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. ரத்தம் தெரிஞ்சா கைய எடுத்துருங்க. கீழ்ப்பாதிய அதுவே ஒதைச்சு வரணும்."

மாமா எழுந்து போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தார். பஞ்சை நனைத்தார். அப்போதுதான் தெரிந்தது, ட்ரையரில் வெந்து காய்த்துப்போன அந்த விரலுக்கு வெதுவெதுப்பே தெரியாது என்று. பஞ்சை உதட்டில் வைத்துப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகுதான் முட்டையில் வைத்தார்.

ஓட்டைக்குள் தெரிந்த தோல் காகிதம் மாதிரி வெள்ளையாக இருந்தது. நனைப்பார், காத்திருப்பார், நகத்தால் அரிசியளவு ஓடு பெயர்ப்பார். ஒரு இடத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் தொடவில்லை. பெட்டிக்குள் ஒரு கோப்பை சுடுதண்ணி, அறைக்குள் கொதிக்கிற கேத்தல். சுவரெல்லாம் வேர்த்து வழிந்தது. மடித்து வைத்திருந்த அவருடைய சட்டையெல்லாம் நமத்துப்போனது. ஈரத்துக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "வாடா தங்கம், வாடா தங்கம்" என்று முட்டைக்குள் பேசிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் முட்டை ஒரு குலுங்கு குலுங்கியது. கால் ஒன்று வெளியே வந்தது. பிறகு மொத்தமும் வழுக்கி விழுந்தது. கழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ரொம்ப நேரம் ஒரே மடிப்பாக மாட்டிக்கிடந்ததில் வந்த சாய்வுதான், சிவப்பி இன்றைக்கும் நடக்கிற நடை.

நனைந்த நூல்கண்டு மாதிரிக் கிடந்தது. மாமா துண்டை உருவிக்கொண்டு பாய்ந்தார்.

"மாமா! கைய எடுங்க! அது தானா காயும்!"

"சொட்டச் சொட்டக் கெடக்குதே மாப்ள!"

"கெடக்கட்டும் மாமா!"

அவர் தன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரை அப்படியே இருந்தார். உங்கம்மா பிளேன்டீயை ஊட்டித்தான் விட்டாள். குஞ்சு காய்ந்து பஞ்சாக எழுந்து நின்றபோது எங்கள் மூன்று பேரில் முதலில் அழுதது யார் என்று சொல்லமாட்டேன்.

அம்மா குஞ்சை மடியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு, மாமா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மாப்ள, மத்த எட்டும்... நான் தண்ணி வெக்காததாலயா?"

"சேச்சே. அதெல்லாம் கூமுட்ட மாமா. மொதல்லயே கரு இல்ல."

"நெசமா?"

"நெசமா."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார்.

இப்போது மாமா வவுனியாவில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே அடிக்கிற வெயில் அவருக்கு ரொம்பத் திருப்தியாம். நீங்கள் போனில் பேசும்போது சிவப்பியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள். இனி நான் எழுதப்போவதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்றைக்கு இருட்டுகிறதுக்கு முன்னால் அந்த எட்டு முட்டையையும் ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் காய்கறிப் பாத்திக்கு அந்தப் பக்கம் போனேன். ஒன்றை உடைத்துப் பார்த்திருந்தால் மாமாவிடம் நான் சொன்ன மாதிரி அது கூமுட்டைதானா என்று தெரிந்திருக்கும். உடைக்கவில்லை. முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினேன்.