கோபிசங்கரின் கணினி நோயாளிகள்

விடையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு கணக்கைப் போட்டு, அதே விடை வந்ததும் துள்ளிக் குதிக்கிற ஓர் இனம் உண்டு. இலங்கை மலையகத்தின் ஹட்டனில் மருந்துக்கடை வைத்திருந்த கோபிசங்கர் அந்த இனத்தின் அசல்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, வேலாயி பிரஷருக்குப் போடும் சிவப்பு மாத்திரை வருவது நின்றுபோனது. அதே மருந்து, வேறு கம்பனி, வெள்ளை நிறத்தில் வந்தது.

“ஐயா, வெள்ளையும் அதே மாதிரி கேக்குங்களா?” என்றாள், லிந்துலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்த வேலாயி.

“பொறுங்கோ. சோதிச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

எப்படிச் சோதிப்பது? ஆட்களுக்குச் சிவப்பு, வெள்ளை, மறுபடி சிவப்பு, மறுபடி வெள்ளை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, இரத்தத்தில் மருந்து எவ்வளவு ஏறுகிறதென்று பார்க்க வேண்டும். அதற்குமுன், கணக்குப் போடும் கணினி சரியா என்று பார்க்க வேண்டாமா? கற்பனையாகச் சில நோயாளிகளைப் படைத்து, ஆளுக்கொரு நம்பர் போட்டார். இரண்டு மாத்திரையும் ஒன்றே என்று வரும்படி அவர்களுக்கு இரத்த அளவுகளை எழுதினார். கணினியும் ஒன்றே என்றது. குதித்தார். வேறு என்று வரும்படி எழுதினார். வேறு என்றது. மறுபடி குதித்தார். கணினி சரி, இனி உண்மை ஆட்கள்தானே? அதுதான் இல்லை. கற்பனை நோயாளிகள் பஸ்ஸைத் தவறவிடுவதில்லை, மாத்திரையை மறப்பதில்லை, மூக்குச் சிந்துவதில்லை. அவர்களை விட்டுவர யாருக்குத்தான் மனம் வரும்?

“ஏழாம் நம்பருக்குத்தான் மருந்து கொஞ்சம் கூட ஏறுது,” என்று சாப்பிடும்போது கவலைப்பட்டார்.

“ஆரப்பா அந்த ஏழாம் நம்பர்? பொம்பிளையோ?” என்றாள் மனைவி சிவனேஸ்வரி.

வேலாயி ஞாயிறுதோறும் வந்து கேட்டாள். “வாற கிழமை,” என்றார் ஞாயிறுதோறும். ஒருநாள் மலையில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு தலைசுற்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்துவிட்டுக் கடைக்கு வந்தாள்.

“வெள்ளையத்தான் குடுத்தாங்க ஐயா. பிரஷர் எறங்கிருச்சு.”

“இவ்வளவு நாளும் என்ன போட்டனீங்கள்?”

“ஒண்ணும் போடலைங்க. நீங்கதானே பொறுக்கச் சொன்னீங்க.”

கோபிசங்கரின் முகம் கறுத்தது. வெள்ளை மாத்திரையை எடுத்துக் கட்டிக் கொடுத்தார். அவள் படியிறங்கினாள். பிறகு மெல்ல, “எண்டாலும், ஒராளை வைச்சு முடிவு சொல்லேலாது...” என்றார். சிவனேஸ்வரி எழுந்துபோய்க் கணினியின் வயரைப் பிடுங்கினாள்.

சிரிக்கிறீர்களா? மாப்பிள்ளையை முடிவுசெய்துவிட்டு, மகளிடம் “உன் விருப்பம் என்னம்மா?” என்று கேட்டவர் யார்? அது போகட்டும். இது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியது என்று முதல் வரியிலேயே தீர்மானித்துக்கொண்டுதானே இவ்வளவு தூரம் வாசித்தீர்கள்?