ஒன்பது முங்கு

அம்மாக்கள் போனில் சொல்லும் வேலைகளில் சின்ன வேலை என்று ஒன்று கிடையவே கிடையாது. "சும்மா ஒரு நிமிஷ வேலைதான்டா" என்று ஆரம்பிப்பார்கள். முடியும்போது போலீஸ் நிற்கும். என் விஷயத்தில் ரெண்டு போலீஸ். சைக்கிளில் வந்தார்கள்.

நான் பன்னிரண்டாவதில் கணக்கில் கோட்டை விட்டவன். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்து, துவாக்குடியில் கொஞ்ச நாள் நெருப்புப் பொறி பறக்கவிட்டு, ஒரு ஏஜென்சி புண்ணியத்தில் ஜப்பானுக்கு வேலைக்குப் போனேன். (திருச்சி பாலக்கரையில் எங்கள் தெருவில் அம்மா இதைப் பெருமையாகச் சொன்னபோது, "அது துறையூர் தாண்டியா?" என்று ஒருவர் கேட்டாராம்.) கம்பெனி ஒசாகா பக்கம். போன புதிதில் கிடைத்த ஒரு லீவு நாளில், பக்கத்திலேயே இருக்கும் கியோட்டோ என்கிற பழைய தலைநகரத்தைத் தனியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். அதற்கு முதல் நாள் அம்மா கூப்பிட்டார்.

"நாளைக்கு ஆடிப் பதினெட்டுடா சதீசு."

"சரிம்மா. காவேரிய நான் கேட்டதா சொல்லு."

"வாயக் கழுவு. நான் எங்கடா அம்மா மண்டபம் படித்துறைக்குப் போறது? வளரு அசையாம படுத்திருக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அவள விட்டுட்டு நான் நகர முடியுமா? நீ போயி முங்கு."

"எது, பிளைட்டு புடிச்சு வந்தா?"

"ஏன், அந்த ஊர்ல ஆறு இல்லையா? எல்லா ஆத்துலயும் நாளைக்கு காவேரி வருவா. போடா."

வழக்கமாக இந்த இடத்தில் இன்னும் நாலு கிண்டல் செய்திருப்பேன். செய்யவில்லை. வளர்மதி என் அக்கா. கல்யாணமாகி ஆறு வருஷம். ரெண்டு தடவை உண்டாகி, ரெண்டு தடவையும் தங்கவில்லை. இது மூன்றாவது. ஐந்தாம் மாதம். பாலக்கரை வீட்டில், அம்மாவின் இட்லி மாவுக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில், கால்மாட்டில் ரெண்டு தலையணை வைத்துக் கட்டிலில் கிடந்தாள்.

"மாசத்துக்கு ஒண்ணு, மொத்தம் ஒம்பது முங்கு. தல நல்லா நனையணும். எண்ணிக்கை தப்பக் கூடாது. பாதியில எந்திரிச்சு வரவே கூடாது."

"வந்தா?"

அம்மா கிரைண்டரை நிறுத்தினார். பிறகு, "எழுதிக்க" என்று ஒரு வேண்டுதலைச் சொன்னார். என் ஞாபகசக்தி மீது குடும்பத்தில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கியோட்டோவில் இறங்கியபோது நான் ஏதோ படையெடுத்து வந்த ராஜா மாதிரி இருந்தேன். புது ஷூ, கறுப்புக் கண்ணாடி, பையில் ஒரு டப்பா எலுமிச்சை சாதம். முதலில், மலை முழுக்கச் சிவப்பு வாசல்களாக நட்டு வைத்திருக்கும் ஒரு கோயில். ஆயிரக்கணக்கில் வாசல், ஒன்றுக்குப் பின் ஒன்று. வெள்ளைக்காரர்கள் எல்லாம் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைப் பார்த்து வளர்ந்த திமிரில் நான் அவர்களைத் தாண்டித் தாண்டி ஓடினேன். (மேலே போய் ஓரமாக நின்று பத்து நிமிஷம் இருமியதை யாரும் பார்க்கவில்லை.) இறங்கி வந்ததும் பிரசாத ஸ்டாலைத் தேடினேன். இல்லை. தாயத்து மாதிரி ஏதோ விற்கிறார்கள், ஒரு கரண்டி பொங்கல் கிடையாது. அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்: "இவ்ளோ பெரிய கோயிலு, ஒரு புளியோதரை இல்ல. எல்லாரையும் ஸ்ரீரங்கத்துக்கு ட்ரெயினிங் அனுப்பணும்."

"அங்க போயும் சோத்துலயே கண்ணா இரு. முங்குனியா?" என்று பதில் வந்தது.

கல் பாவிய சந்துகள், மர வீடுகள், குடை பிடித்துக்கொண்டு குட்டிக் குட்டி அடி வைத்துப் போகும் பெண்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினேன். வெயிலென்றால் வெயில், திருச்சி சித்திரை தோற்றது. ஊர் நடுவில் ஓடும் காமோ ஆற்றுக்கு வந்து சேர்ந்தபோது மணி ரெண்டரை.

ஆற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்தியில் இல்லை. தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது.

அம்மா மண்டபத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'டபுக்'கென்று உட்கார்ந்து எழுந்தால் ஒரு முங்கு. இங்கே உட்கார்ந்தால் இடுப்புதான் நனையும். தலை நனைய வேண்டுமானால் குப்புறப் படுக்க வேண்டும். சரி, படுப்போம் என்று முடிவு செய்தேன். சட்டை பேன்ட்டைக் கழற்றி மடித்து வைத்தேன். உள்ளே அரை டவுசர். ஷூவைக் கழற்றி ஜோடியாகச் சேர்த்து, கரை ஓரமாக நேராக வைத்தேன். (எங்கள் வீட்டில் என் செருப்பு ஒன்று வாசலிலும் இன்னொன்று தெருநாய் வாயிலும் இருக்கும். கம்பெனியில் ஆறு மாதம் திட்டித் திட்டி இந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வாழ்க்கையில் ஒழுங்காக இருந்த அந்த ஒரு நாளில்தான் மாட்டினேன்.) வேண்டுதல் தாளைக் கடைசியாக ஒரு தடவை படித்துவிட்டு, காற்றில் பறக்காமல் ஷூ மேல் வைத்து ஒரு கல்லையும் வைத்தேன்.

ஒன்று. குப்புறப் படுத்து, கையைக் காலை நீட்டி, மனசுக்குள் வேண்டுதலைச் சொல்லி எழுந்தேன். ரெண்டு. மூன்று. நாலாவதில் கூழாங்கல் மூக்கில் இடித்தது. ஐந்தாவது முங்கில் தலை உள்ளே இருக்கும்போதே ஏதோ ஒன்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

நிமிர்ந்தேன். ஒரு அம்மாள். எங்கள் அம்மா வயதுதான் இருக்கும். தொப்பி, கைக்குட்டை, செருப்போடு தண்ணீருக்குள் நிற்கிறார். கரையில் அவருடைய நாய் என் துணிக்குக் காவல் மாதிரி நின்று குரைக்கிறது.

"தமே! தமே!" என்றார். வேண்டாம், கூடாது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். கம்பெனியில் தினமும் என்னைப் பார்த்துச் சொல்வார்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி முழுக்கப் பட்டறை மொழி. அதை வைத்தே சமாளித்தேன். "பிரச்சனை இல்லை. அஞ்சு முடிந்தது. இன்னும் நாலு பாக்கி. இன்றைக்கே முடிக்கணும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. பிடி இன்னும் இறுகியது. வெல்டிங் செய்கிற கை என்னுடையது, என்னால் அதை விடுவிக்க முடியவில்லை. தரதரவென்று கரைக்கு இழுத்து வந்து உட்கார வைத்துவிட்டு, ஒரு கையால் போன் போட்டார். இன்னொரு கை என் மணிக்கட்டில். "அக்கா... குழந்தை... நான் தண்ணீருக்குப் போகணும்" என்று விளக்கினேன். அவர் அழவே ஆரம்பித்துவிட்டார்.

பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அஞ்சில் நிற்கிறது. அந்த வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. கட்டிலில் கிடக்கும் அக்கா முகம்தான் கண் முன்னால் வந்தது. மறுபடி ஆற்றுப் பக்கம் எழுந்தேன். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

போலீஸ் வந்தது. ஒருவர் இளைஞர், ஒருவர் நரைத்தவர். "போலீஸ் தொந்தரவு வந்தால் அடுத்த பிளைட்டில் வீட்டுக்கு" என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். நரைத்தவர் என் ஷூவைப் பார்த்தார். மேலே இருந்த தாளை இரண்டு கையாலும், பூ எடுப்பது போல் எடுத்தார். இளைஞர் போனை அதன் மேல் காட்டி மொழிபெயர்த்தார். இருவரும் படித்தார்கள். இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

அம்மா சொல்லி நான் எழுதியது இதுதான்: "தாயே, உன் மடியில வந்து விழுறேன். என்னை ஏத்துக்க. எங்க குடும்பத்த இனிமே நீதான் பாத்துக்கணும்."

(இப்போது படித்தால் எனக்கே கண் கலங்குகிறது. என் கையெழுத்தில் வேறு இருக்கிறது.)

அந்த ஊரில் சாகப் போகிறவர்கள்தான் ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டுப் போவார்கள் என்று ஒரு பேச்சு உண்டாம். அதை அந்த இளைஞர் பிற்பாடு கூச்சத்தோடு சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

திரையில் அம்மா வந்தார். சொட்டச் சொட்ட நனைந்த மகன், ரெண்டு போலீஸ், கையைப் பிடித்துக்கொண்டு அழும் ஒரு பெண்.

"அடப்பாவி! யாரு வீட்டுப் பொண்ணுடா? அவங்கம்மாவா அது?"

"ஐயோ அம்மா, நான் ஒண்ணும் பண்ணல. முங்குனேன். சாகப் போறேன்னு நெனச்சு இழுத்துட்டாங்க."

"எத்தனை ஆச்சு?"

போலீஸ் பிடித்திருக்கிறது, அம்மா கணக்குக் கேட்கிறார்.

"அஞ்சு."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து அக்காவின் குரல். "என்னம்மா? அவனையா? சாகப் போறான்னா? மொழங்கா தண்ணிலயா?" சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சிரிக்காதடி! வயிறு குலுங்குது!"

"அவன் மூஞ்சியப் பாத்தா எப்படிம்மா சிரிக்காம இருக்கறது? அந்தம்மாகிட்ட குடு போன."

நான் என் போனை அந்த அம்மாள் பக்கம் திருப்பினேன்; அங்கே அக்கா அம்மாவிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள். படுத்தபடியே அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு போனைக் கீழே இறக்கி, வயிற்றைக் காட்டி, அதன் மேல் கையை வைத்தாள். என்னைக் காட்டினாள். ஆற்றைக் காட்டினாள். போனை அம்மாவிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு ஒன்பது விரல் விரித்தாள். அதில் நாலைத் தனியாக ஆட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததிலா வேறெதிலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த அம்மாள் திரையையே பார்த்தார். ஆறு மாத வகுப்பும் பட்டறை மொழியும் புரியவைக்காததை அந்த வயிறு புரியவைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். என்னைப் பார்த்து நாலு விரல் காட்டினார். தலையாட்டினேன். தலை குனிந்து ஏதோ சொன்னார். மன்னிப்பு என்று மட்டும் புரிந்தது. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். எழுந்தார்.

ஆனால் மணிக்கட்டை விடவில்லை. முழு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது.

இரண்டு பேரும் இறங்கினோம். நான் படுத்தேன். அவர் கையைப் பிடித்தபடி குனிந்து நின்றார். கரையில் நரைத்த போலீஸ் உரக்க எண்ணினார். இளைஞர் என் போனை உயர்த்திப் பிடித்து அம்மாவுக்கு நேரடி ஒளிபரப்பு செய்தார். "தல நனையல, இன்னும் அமுக்கச் சொல்லு!" என்று பாலக்கரையிலிருந்து உத்தரவு வந்தது. என்ன புரிந்ததோ, ஒவ்வொரு முங்குக்கும் அந்த அம்மாள் என் பிடரியில் கை வைத்து மெதுவாக அழுத்தினார். எட்டாவதில் அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஒன்பதாவதில் கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். இதற்கிடையே நாய் என் எலுமிச்சை சாதத்தை டப்பாவோடு காலி செய்திருந்தது. அதற்கும் நரைத்த போலீஸ்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கம்பெனிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாளின் பெயர் நொரிகோ. ஒரு துண்டால் என் தலையைத் தானே துவட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அக்காவுக்கு மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. ரெண்டு கிலோ எழுநூறு. இப்போது அவளுக்கு ரெண்டு வயது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கணக்கு ஓடுகிறது. குழந்தை சமர்த்தாகச் சாப்பிட்டால், தூங்கினால், விருந்தாளியைக் கும்பிட்டால், "அது நொரிகோம்மா முங்கின நாலு" என்பார் அம்மா. கிண்ணத்தைத் தூக்கி எறிந்தால், மாவு அண்டாவில் பொம்மையைப் போட்டால், "தாய்மாமன் அஞ்சு." முங்கியது ஒன்பதும் நான்தான், அவர் கையைத்தான் பிடித்தார் என்று எத்தனையோ தடவை வாதாடிவிட்டேன்.

"முங்குனது நீதான்டா," என்பாள் அக்கா. "பாதியில விட்டது நீ. முடிச்சு வச்சது அவங்க."

போன லீவில் ஊருக்குப் போனபோது குழந்தைக்கு இதையே விளையாட்டாகப் பழக்கி வைத்திருந்தார்கள். "நொரிகோ பாட்டி எத்தனை?" என்றால், கட்டை விரலை மடக்கி, நாலு விரலை அழகாக உயர்த்திக் காட்டுகிறாள். "மாமா எத்தனை?" என்றால் அஞ்சு விரலையும் விரித்து ஓடி வந்து என் கன்னத்தில் பளாரென்று வைக்கிறாள்.