மனாகுவாவுக்குப் போன மாஸ்ரர்

"போற நாளை மாத்தேலாதோ?"

"ஏலாது அண்ணை. ரிக்கற் போட்டாச்சு."

"சரி, எந்த ஊருக்கு?"

குகதாசன் அவ்வளவு தூரத்துக்கு யோசித்து வைத்திருக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அளவெட்டிச் சனசமூக நிலையத்தில் பாட்டுப் போட்டி. பாட்டு மாஸ்ரர் குகதாசன்தான் நடுவர். இறுதிச் சுற்றில் இரண்டே பேர். ஒருத்தி கோபிகா, நிலையத் தலைவர் சிவசுப்பிரமணியத்தின் மகள். குகதாசன் பாட்டு வகுப்பு நடத்துவதே தலைவர் வீட்டு மண்டபத்தில்தான். மற்றவள் சாருஜா, குகதாசனின் மனைவி உதயகலாவுடைய அக்காவின் மகள். கோபிகா தோற்றால் வகுப்பு தெருவுக்கு வரும். சாருஜா தோற்றால் குகதாசனே தெருவுக்கு வரவேண்டியதுதான்.

அதனால்தான் நிலையத்து வாசிகசாலைக்கு வந்து, "நான் அவசரமா வெளிநாடு போறன்" என்று தலைவரிடம் சொல்லியிருந்தார். ஊரைக் கேட்பார் என்று நினைக்கவில்லை.

தலைவரின் கதிரைக்குப் பின்னால் சுவரில் உலக வரைபடம் தொங்கியது. குகதாசன் அதை மேய்ந்தார். லண்டனில் தலைவரின் தம்பி இருந்தார். ரொறன்ரோவில் மச்சான்மார் மூன்று பேர். பாரிஸில் அளவெட்டியின் ஒரு குறிச்சியே குடியிருந்தது. ஒஸ்லோ, சூரிச், சிட்னி, எதைச் சொன்னாலும் தலைவர் அந்த இடத்திலேயே போனை எடுத்து, "மாஸ்ரர் வாறார், எயர்போட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சொல்லிவிடுவார். எங்கள் ஆட்கள் ஒருவர்கூட இல்லாத ஊர் ஒன்று வேண்டும். அவருடைய கண் இறங்கி இறங்கி, இரண்டு அமெரிக்காவுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த இடத்தில், சரியாகத் தலைவரின் இடது காதுக்கு மேலே போய் நின்றது.

"மனாகுவா."

"மணற்காடோ? அது பருத்தித்துறைப் பக்கமெல்லோ?"

"மனாகுவா அண்ணை. நிக்கரகுவாவின்ரை தலைநகரம்."

"அங்கை ஆர் உமக்கு?"

"ஒருத்தருமில்லை. அதாலைதான்..." குகதாசன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சும்மா பாக்கத்தான் அண்ணை. திடீரெண்டு மனம் வந்திட்டுது. மூண்டு நாள்."

"மூண்டு நாளோ? போகவே ஒண்டரை நாள் வேணும் காணும். எயர்போட்டிலை தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி வரப்போறீரோ?"

"அப்ப ஒரு கிழமை" என்றார் குகதாசன்.

மூன்று நாள் பொய் ஏழு நாள் பொய்யானது அப்படித்தான்.

வீட்டில் உதயகலா கேட்டுவிட்டு, கையிலிருந்த அகப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நல்லூர்த் தேருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு பத்து வருசமாக் கேக்கிறன். நேரமில்லை எண்டனீங்கள். இப்ப நிக்கரகுவாவோ?"

"நான் போகேல்லையப்பா. பின்னறைக்குள்ளை இருக்கப் போறன்."

"அப்ப ஏழு நாளும் நான் உங்களை வைச்சுப் பாக்கவேணும்?"

அன்று மாலையே அவளுடைய அக்கா அருந்ததி போனில் வந்தாள். "மனிசியை விட்டிட்டு உவர் தனிய ஊர் சுத்தப் போறார், நீ பாத்துக்கொண்டு நிக்கிறாய் என்ன?"

தங்கையின் மானம் பொங்கிவிட்டது. "என்னையும்தான் கூப்பிட்டவர். எனக்கு விசா வரேல்லை" என்றாள் உதயகலா.

மறுநாள் காலை ஏழு மணிக்கே துக்கம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தி பழம் கொண்டுவந்தாள். இன்னொருத்தி, "பொலிசிலை ஏதும் கேசு கீசு இருந்ததோ பிள்ளை?" என்று காதுக்குள் கேட்டாள். உதயகலா கணவனைப் பார்த்த பார்வையில் குகதாசனுக்கு உண்மையாகவே நிக்கரகுவாவுக்குப் போய்விட்டால் நல்லது என்று தோன்றியது.

புறப்படும் நாளுக்கு முதல் நாள் ஜெசிதா வந்தாள். குருநகர்க்காரி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். கையில் ஒரு பெரிய பொதி.

"மாஸ்ரர், நீங்கள் மனாகுவாவுக்கோ போறீங்கள்?"

"ஓம் ரீச்சர்."

"என்ரை தம்பி ஜெரிசன் அங்கைதான் நிக்கிறான்!"

குகதாசன் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். "மனாகுவாவிலையோ? வடிவா விசாரிச்சனீங்களோ? வேறை ஏதும் ஊராயிருக்கும்."

"இல்லை மாஸ்ரர், அதே மனாகுவா. ஐஞ்சு வருசமா ஒரு ஹோட்டலிலை மனேச்சரா நிக்கிறான். இஞ்சையிருந்து ஒருத்தரும் அந்தப் பக்கம் போறேல்லை. நீங்கள் போறது கடவுள் காட்டின வழி." அவள் பொதியை அவர் மடியில் வைத்தாள். "திருக்கைக் கருவாடு. அம்மா தன்ரை கையாலை காயவைச்சது. அவனுக்கு இதெண்டால் உயிர். அம்மாவுக்கு வேறையொண்டும் வேண்டாமாம் மாஸ்ரர். அவனை நேரிலை பாத்த ஒரு ஆளைத் தான் பாக்கவேணுமாம்."

குகதாசன் தலைமுறை தலைமுறையாகச் சைவம். அவர் வீட்டில் முட்டைகூட வந்ததில்லை. மடியில் நாலு கிலோ திருக்கை கிடந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். ஜெசிதாவின் கண் கலங்கியிருந்ததைக் கண்டதும், "குடுத்திடுறன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நைசாகப் போய்விடலாம் என்று நினைத்தார். தலைவர் விடவில்லை. தன் வானைக் கொண்டுவந்து, மாலை போட்டு, யாழ்ப்பாண ஸ்ரேசன் வரை வந்து, கொழும்பு ரயிலில் ஏற்றி, அது நகரும் வரை நின்று கை காட்டினார். குகதாசன் கொடிகாமத்தில் இறங்கினார். மாலையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, துவாயால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, ஒரு ஓட்டோவைப் பிடித்தார்.

"என்னண்ணை, முகத்திலை?"

"பல்லுக்கொதி."

ஓட்டோக்காரன் அளவெட்டி வரும்வரை கராம்பு, உப்புத்தண்ணி, கொய்யா இலை என்று பதினொரு வைத்தியம் சொன்னான். நடுவழியில் இறங்கிக் கராம்பும் வாங்கிக் கொடுத்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்தபடியால் குகதாசன் அதைக் கடிக்கவேண்டியதாயிற்று.

பின்னறைச் சிறை தொடங்கியது. விடியப் பாடிப் பழகிய தொண்டை, பாட முடியாது. தும்ம முடியாது. கதவைத் திறக்க முடியாது. கட்டிலுக்குக் கீழே ஜெசிதாவின் பொதி. முதல் நாள் அது சும்மா கிடந்தது. இரண்டாம் நாள் மணத்தது. மூன்றாம் நாள் ஊர்ப் பூனைகள் ஐந்து யன்னலுக்குக் கீழே வரிசையாக வந்து குந்தின.

"உதைத் தூக்கி எறியுங்கோ!" என்றாள் உதயகலா, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"ஒரு தாய் பிள்ளைக்கெண்டு காயவைச்சது. எப்பிடி எறியிறது?"

அவள் ஒரு பை கொண்டுவந்து பொதியைச் சுற்றினாள். பிறகு இன்னொன்று. மொத்தம் ஏழு பை. அப்படியும் பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"என்ன பிள்ளை, மனிசன் அங்காலை போக நீ இஞ்சாலை மச்சம் சமைக்கத் துடங்கிட்டியோ?"

உதயகலா உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, நிலத்தில் இருந்து அழுதாள். "என்ரை அம்மா இருந்திருந்தால் இதைக் கேட்டே செத்திருப்பா" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் வாட்ஸ்அப் வந்தது. "மாஸ்ரர், சேமமாய்ச் சேர்ந்தீரோ? ஒரு படம் அனுப்பும். வாசிகசாலைப் பலகையிலை ஒட்டவேணும்."

பின்வளவில் வாழைக்கு முன்னால் குகதாசனை நிறுத்தி, கறுப்புக் கண்ணாடி போடவைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே உதயகலா படம் எடுத்தாள். அனுப்பி இரண்டு நிமிடத்தில் தலைவர் பேசினார்.

"உந்த வாழை எங்கடை கதலி மாதிரிக் கிடக்கே?"

"இஞ்சையும் வாழை கூட அண்ணை" என்று கிசுகிசுத்தார் குகதாசன்.

"ஏன் காணும் குசுகுசுக்கிறீர்?"

"இஞ்சை எல்லாரும் நித்திரை."

"ஓம், கூகிளிலை பாத்தனான். இப்ப உங்கை நடுச்சாமம். அப்ப படத்திலை என்னெண்டு உந்த வெயில் எறிக்குது?"

"அது... பகல் எடுத்தது அண்ணை. இப்பத்தான் அனுப்பினனான்."

"அதுதானே. சரி, ஒரு நல்ல செய்தி. போட்டியை நீர் வாற கிழமைக்குத் தள்ளிப்போட்டம். வெளிநாடு போய்வந்த நடுவர் கையிலிருக்க வேறை ஆளை ஏன் பிடிப்பான்? அதோடை நிக்கரகுவா இசையைப் பற்றி ஒரு மணித்தியாலம் நீர் பேசவும் வேணும். நோட்டீசும் அடிச்சாச்சு."

குகதாசன் போனை மெதுவாகக் கட்டிலில் வைத்தார். ஓட்டோவும் கராம்பும் கருவாடும் பூனையும் எல்லாம் எதற்காக?

அடுத்த நாள் அருந்ததியின் போன் வந்தது. "ஒரு கிழமை ஊர் சுத்தப் போற மனிசனுக்கு என்ரை பிள்ளையின்ரை பாட்டைக் கேக்க நேரமில்லை. சாருஜா இனிப் பாடமாட்டாள். நாங்கள் உங்கடை வீட்டுக்கும் வரமாட்டம்."

"போட்டி தள்ளிப்போட்டாச்சாம் அக்கா" என்றாள் உதயகலா.

"அது அந்தப் பெடிச்சி கோபிகாவுக்கு இன்னும் ஒரு கிழமை பழக்கிறதுக்கு. எனக்கு விளங்காதெண்டு நினைக்காதை."

எந்த இரண்டு கோபத்துக்குப் பயந்து ஒளித்தாரோ, அதில் ஒன்று வீடு தேடி வந்து கதவையும் அடித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டது. மற்றது அடுத்த ஞாயிறு மேடையில் காத்திருந்தது.

ஏழாம் நாள் குகதாசன் துவாயைச் சுற்றிக்கொண்டு கொடிகாமம் போய், கொழும்பிலிருந்து வந்த ரயிலில் ஏறி, யாழ்ப்பாணத்தில் இறங்கினார். தலைவர் மாலையோடு நின்றார். "அந்த ஊர்த் தண்ணி உமக்கு ஒத்துவந்திருக்கு. நல்லா நிறம் வந்திட்டீர்" என்றார். ஏழு நாள் வெயில் படாத நிறம் அது.

வீட்டுக்கு வந்ததும் உதயகலா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இந்த ஊருக்கு என்ன பொய்யெண்டாலும் சொல்லுங்கோ. அந்தத் தாய்க்கு மட்டும் சொல்லாதேங்கோ. பாவம் கிடைக்கும்."

குகதாசனும் அதையேதான் ஏழு நாளும் யோசித்திருந்தார். பொதியை எயர்போட்டில் பறித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். தம்பியைத் தேடினேன், காணவில்லை என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அந்த மனிசி இரவு நித்திரை கொள்ளமாட்டாள். உள்ளதைச் சொல்லிக் காலில் விழுவதுதான் ஒரே வழி. கட்டிலுக்குக் கீழே கையை விட்டுப் பொதியை இழுத்தெடுத்தார். ஏழு பையும் அப்படியே இருந்தன. தூக்கிக்கொண்டுபோய் முன்கதவுக்குப் பின்னால் வைத்தார்.

படலை திறந்தது. ஜெசிதா ஓடாத குறையாக வந்தாள்.

"ரீச்சர், முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்று குகதாசன் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் உங்களுக்குப் பெரிய பிழை விட்டிட்டன். அந்தப் பொதி..."

"எனக்கு எல்லாம் தெரியும் மாஸ்ரர்!" ஜெசிதா சிரிப்பும் அழுகையுமாக அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தம்பி நேற்றே அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டான்: நீங்கள் அவன்ரை ஹோட்டலைத் தேடிப் போய் உங்கடை கையாலை பொதியைக் குடுத்தனீங்களாம், அவன் பாதிக் கருவாட்டை அண்டைக்கே பொரிச்சுச் சாப்பிட்டும் முடிச்சிட்டானாம்!"

கதவுக்குப் பின்னால் ஏழு பையும் பிரியாமல் கிடந்த பொதியைப் பார்த்த குகதாசனுக்கு, மனாகுவாவுக்குப் போகாதவர் தான் மட்டுமில்லை என்று விளங்கியது.