லோஹி ஏரி விதவையர் விறகுச் சங்க மீட்புச் சட்டம்

"அப்படி ஒரு சங்கமே இல்லையே" என்றாள் கவுன்டருக்குப் பின்னால் இருந்த பெண்.

உர்ஹோ சல்மேலா தொப்பியைக் கழற்றினார். வாகனப் பதிவு அலுவலகத்துக்கு அவர் வந்தது ஒரு சின்ன வேலையாக. சங்கத்தின் பிக்கப் வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியே கடையில் காப்பிப்பொடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தார்.

"லோஹி ஏரி விதவையர் விறகுச் சங்கம்" என்று நிதானமாகத் திரும்பச் சொன்னார். "நான்தான் செயலாளர்."

"இருக்கலாம் சார். ஆனா சங்கம் இல்ல. வருஷா வருஷம் அரசாங்கத்துக்கு விவரம் அனுப்பணும். நீங்க அனுப்பல. கலைச்சுட்டாங்க. அதுவும் எப்பவோ."

"கலைச்சுட்டாங்கன்னா?"

"செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"அப்ப வண்டி?"

அவள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். "சங்கம் செத்தா சொத்து மன்னருக்குப் போயிடும், அதாவது அரசாங்கத்துக்கு. சட்டப்படி அது இப்ப மன்னரோட வண்டி."

உர்ஹோ ஜன்னல் வழியே பார்த்தார். மன்னரின் வண்டி பனிச்சேற்றில் நின்றுகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதை வீடுவரை ஓட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்க வாயெடுத்தவர், கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பேசாமல் வந்துவிட்டார்.

அந்தச் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் வடகோடிக் காடுகளில் மரம் வெட்ட பின்லாந்திலிருந்து ஆட்கள் வந்த காலத்தில் தொடங்கியது அது. மரம் விழுந்து கணவனைப் பறிகொடுத்தவர்கள் குளிரில் விறைத்துச் சாகக் கூடாது என்று வாராவாரம் விறகு கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். பிறகு விதவைகளில் சிலர் முதியோர் இல்லத்துக்குப் போனார்கள், சிலர் மேலுலகம் போனார்கள், மற்றவர்கள் காஸ் அடுப்புக்குப் போனார்கள். கடைசியில் சங்கத்துக்கு மிஞ்சியது ஒரே ஒரு விதவை. பெயர் இர்யா கெட்டுனென்.

இர்யாவின் வீட்டிலும் மின்சார ஹீட்டர் வந்து வெகுகாலம் ஆகிறது. அது உர்ஹோவுக்குத் தெரியாமல் இல்லை. அதை வண்டியிலிருந்து இறக்கியபோது ஒரு கை கொடுத்தவரே அவர்தான். அப்படியும் சனிக்கிழமை தவறாமல் ஒரு வண்டி பூர்ச்ச மரத்து விறகு அந்த வீட்டில் போய் இறங்கியது. விறகுக் கொட்டகை நிரம்பி, கார் நிறுத்தும் இடமும் நிரம்பி, இர்யாவின் கார் பல வருஷமாக வெளியே பனியில் கிடந்தது.

பின்னே எதற்கு விறகு என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உர்ஹோவுக்கு இர்யாவைப் பார்க்க வேண்டும். லோஹி ஏரியில் ஒருவர் வீட்டுக் கதவைச் சும்மா போய்த் தட்டிவிட முடியாது, வீடு தீப்பிடித்திருந்தாலொழிய. தட்டுவதற்குக் கையில் ஒரு காரணம் இருக்க வேண்டும். விறகு அப்படிப்பட்ட காரணம். அடுக்கி முடித்ததும் இர்யா காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுப்பார். இருவரும் அடுப்படி மேஜையில் உட்கார்ந்து விழுந்த பனியைப் பற்றிப் பேசுவார்கள், அப்புறம் விழப்போகும் பனியைப் பற்றி. மனைவி போய்ச்சேர்ந்த பிறகு உர்ஹோவின் வாரத்தில் ஒரே ஒரு கிழமைதான் பாக்கி இருந்தது. அதுவும் இப்போது மன்னரிடம் போய்விட்டது.

சங்கத் தலைவர் வெய்க்கோ ரின்னே விஷயத்தைக் கேட்டு அசரவில்லை.

"இதுக்குப் போயி ஏன்யா முழிக்கிற? வண்டி அவங்களோடதுன்னா, அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்குவோம்."

வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டியிருப்பான். இவர்கள் உத்தமர்கள். மன்னரின் வண்டி, மன்னரின் ரம்பம், மன்னரின் கொட்டகை, மன்னரின் பூர்ச்சந்தோப்பு எல்லாம் தங்களிடம் பத்திரமாக இருப்பதாகவும், சனிக்கிழமைகளில் மட்டும் இரவல் தர முடியுமா என்றும் மரியாதையாக எழுதிப் போட்டார்கள். அந்தக் கடிதம் வரும்வரை அப்படியொரு சொத்து தனக்கு இருப்பதே அரசாங்கத்துக்குத் தெரியாது. உடனே ஓர் அதிகாரி வந்தார். கொட்டகையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டு, நேர்மைக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"நல்ல மனுஷன்" என்றார் வெய்க்கோ.

அந்தச் சனிக்கிழமை உர்ஹோ தன் வீட்டு ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்ததாக வக்கீல் கோவ்ரோ அம்மாளிடம் போனார்கள். புதுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினால் என்ன என்று வெய்க்கோ கேட்டார். தொடங்கலாம், ஆனால் செத்த சங்கத்தின் சொத்து அதற்கு வராது என்றார் வக்கீல். விண்ணப்பம் போட்டுப் பழையதை எழுப்பும் கெடுவும் தாண்டிவிட்டது.

"இனி ஒரே வழிதான். சட்டசபையில உங்க சங்கத்துக்குன்னே தனியா ஒரு சட்டம் போட்டு உயிர் கொடுக்கணும்."

"விறகுக்கா?" என்றார் உர்ஹோ.

"விறகுக்குத்தான். ஆமா, வருஷா வருஷம் அவங்க நினைவூட்டுக் கடிதம் அனுப்புவாங்களே, அதையெல்லாம் என்ன பண்ணீங்க?"

ஒன்றுகூட வந்ததில்லை என்றார் உர்ஹோ. வக்கீல் மாகாணத் தலைநகரான டொராண்டோவுக்குப் போன் போட்டார். தாங்கள் ஒழுங்காக அனுப்பியதாகவும், ஒவ்வொன்றும் 'இப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டதாகவும் அங்கே சொன்னார்கள்.

"டொராண்டோக்காரனுக்கு ஒரு விலாசம் ஒழுங்கா எழுதத் தெரியுமா?" என்றார் வெய்க்கோ. ஊரே அதை ஒப்புக்கொண்டது. பனி அள்ளும் வண்டி தாமதமானாலும், மீன் கடிக்காவிட்டாலும் லோஹி ஏரியில் டொராண்டோதான் காரணம். இதற்கு மட்டும் வேறு யாரைச் சொல்வது?

சட்டம் வேண்டுமென்றால் முதலில் ஊர்ப் பத்திரிகையில் வாராவாரம் அறிவிப்புப் போட வேண்டும். ஆட்சேபம் இருப்பவர்கள் எழுதலாம். உர்ஹோ போய் அறிவிப்பைக் கொடுத்தார். பத்திரிகையில் வேறு இடம் இல்லாததால் இரங்கல் பக்கத்தில் போட்டார்கள். 'காலமாகிவிட்ட சங்கத்தை' என்று தொடங்கும் வாசகத்தை அதற்குமேல் யாரும் படிக்கவில்லை. அடியில் உர்ஹோவின் பெயரும் முகவரியும் இருந்தன.

மறுநாள் காலையிலிருந்து, துக்க வீட்டுக்கு வருவதுபோல், சாப்பாடு வரத் தொடங்கியது. கேரட் சுட்டது, உப்பு மீன், முட்டை ஊற்றிச் சுட்ட மாக்கரோனி. வாசலில் நின்று, தலையைக் குனிந்து, பாத்திரத்தை நீட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். யாரும் சாகவில்லை என்று சொன்னால் கொண்டுவந்தவர்கள் சங்கடப்படுவார்களே என்று உர்ஹோ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அறிவிப்பு வாராவாரம் வந்தது. சாப்பாடும் வாராவாரம் வந்தது. அவருக்குக் கால்சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது.

ஒரு நாள் இர்யாவும் ஏலக்காய் ரொட்டியோடு வந்தார். போன வருஷம்வரை ஊர்த் தபால் நிலையத்தை நடத்தியவர் அவர். கறாரான மனுஷி. அஞ்சல் குறியீட்டில் ஓர் எண் தவறியதற்காகச் சொந்தத் தங்கை அனுப்பிய கிறிஸ்துமஸ் பார்சலையே திருப்பி அனுப்பியவர். அறிவிப்பை முழுதும் படித்தவர் ஊரில் அவர் ஒருவர்தான்.

"சங்கம் போயிடுச்சாமே" என்றார்.

"ஆமா."

"அப்ப சனிக்கிழமை?"

"விறகு இல்லையே" என்றார் உர்ஹோ.

இர்யா நின்றார். உர்ஹோவும் நின்றார். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி" என்று சொல்லிவிட்டு இர்யா படியிறங்கினார். ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. உர்ஹோவுக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியாமல் அந்த ரொட்டி முழுவதையும் நின்றபடியே தின்று தீர்த்தார்.

கடைசியில் ஒரு சிக்கல் முளைத்தது. சட்டசபைக் குழுவின் முன் சங்கத்தால் பயன்பெற்ற ஒருவரை நிறுத்தினால் நல்லது என்றார் வக்கீல். பயன்பெற்றவர் என்று இருப்பது ஒரே ஆள். அவரைப் போய்க் கூப்பிட வேண்டும். கூப்பிட அவர் வீட்டுக்குப் போக வேண்டும். போகக் காரணம் வேண்டும்.

"சாட்சிக்குக் கூப்பிடறதே ஒரு காரணம்தானேய்யா" என்றார் வெய்க்கோ.

அது உர்ஹோவுக்குத் தோன்றவே இல்லை. போய்க் கூப்பிட்டார். இர்யா உடனே சரி என்றார்.

இருவரும் உர்ஹோவின் காரில் டொராண்டோவுக்குப் புறப்பட்டார்கள். வெய்க்கோ முதுகு வலி என்று பின்வாங்கிவிட்டார். வழியெல்லாம் காடு, பாறை, ஏரி, மறுபடி காடு. முதல் நாள் முழுக்க இருவரும் பேசியது ஒரே ஒரு விஷயம். "அங்க ஒரு கடமான்" என்றார் இர்யா. "ஆமா" என்றார் உர்ஹோ. வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாகத் தான் இருந்ததில்லை என்று அவருக்குப் பட்டது. வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

குழு ஒரு நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வக்கீலும் தனியாக வந்து சேர்ந்திருந்தார். கடன் உண்டா என்றார்கள், இல்லை. ஆட்சேபம் வந்ததா என்றார்கள், இல்லை. எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போது தெற்கத்தி உறுப்பினர் ஒருவர் அன்பொழுக இர்யாவிடம் கேட்டார்:

"அம்மா, குளிர்காலத்துல வீட்டை எப்படிச் சூடு பண்றீங்க?"

"எலெக்ட்ரிக் ஹீட்டர்" என்றார் இர்யா.

பேனாக்கள் நின்றன. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப விறகு எதுக்கு?"

இர்யா திரும்பி உர்ஹோவை நேராகப் பார்த்தார். "அத அவர்தான் சொல்லணும்."

எல்லோரும் உர்ஹோவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்துவிட்டது. இந்த அறையில் சொன்னால் அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிடும், இர்யாவுக்குப் பெரிய சங்கடமாகிவிடும் என்று பயந்தார். தண்ணீர் குடித்தார். வக்கீல் தன் தம்ளரையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"கரண்ட் போச்சுன்னா?" என்றார் உர்ஹோ.

குழு முழுவதும் தலையாட்டியது. வடக்கே கரண்ட் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெற்கத்தி உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இர்யா மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பும்போது கடமான் எதையும் அவர் காட்டவில்லை.

மசோதா சட்டசபைக்குப் போனது. நெடுஞ்சாலை பற்றிய சண்டைக்கும் மருத்துவமனை பற்றிய சண்டைக்கும் நடுவில் அதை வாசித்தார்கள். விறகு வேண்டாம் என்று சொல்ல ஆளுங்கட்சியிலும் ஆளில்லை, எதிர்க்கட்சியிலும் ஆளில்லை. சங்கம் சாகவே இல்லை என்று கருதப்பட வேண்டும் எனச் சட்டம் சொன்னது. ஆளுநர் கையெழுத்திட்டார். அதே நல்ல மனுஷன் வந்து மஞ்சள் நாடாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை உர்ஹோ சவரம் செய்துகொண்டார். வண்டியில் பூர்ச்ச விறகைக் கூரை தெரியாத அளவுக்கு ஏற்றினார். அவ்வளவு பெரிய விறகுப் பாரம் லோஹி ஏரியில் யாருக்கும் போனதில்லை. பக்கத்து இருக்கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சட்டத்தின் நகல் இருந்தது. கயிறு கட்டிய கதவைத் திறக்க முடியாமல் மறுபக்கமாக இறங்கி, இர்யாவின் கதவைத் தட்டினார்.

விறகை அடுக்க இடமில்லை. சமையலறை ஜன்னலை மறைத்து அடுக்கினார். உள்ளே இருட்டிவிட்டதால் இர்யா விளக்கைப் போட்டார். காப்பி வந்தது, ஏலக்காய் ரொட்டி வந்தது. உர்ஹோ சட்டத்தை மேஜைமேல் வைத்து, உறையைக் கையால் நீவிவிட்டார்.

"பனி பிந்தி வருது" என்றார்.

"ஆமா" என்றார் இர்யா.

வெற்றி பெற்ற மனிதருக்குக் கொஞ்சம் பேச்சு வரத்தானே செய்யும்? உர்ஹோ கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தொடர்ந்தார். "அந்தக் கடிதங்க மட்டும் ஒழுங்கா வந்திருந்தா இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம். இந்த டொராண்டோக்காரங்களுக்கு ஒரு விலாசம் எழுத..."

"விலாசமெல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தாங்க" என்றார் இர்யா. "ஒவ்வொரு வருஷமும் நான்தான் திருப்பி அனுப்பினேன்."

உர்ஹோ கப்பைக் கீழே வைத்தார்.

"ஏன்?"

இர்யா ஜன்னலை மறைத்து நின்ற விறகைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த சட்டத்தைப் பார்த்தார், கடைசியில் உர்ஹோவைப் பார்த்தார்.

"சங்கம் செத்தாலாவது விறகு இல்லாம வருவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா சட்டசபையையே கூட்டி, மறுபடியும் விறகோட வந்து நிக்கிறீங்க."