ரோஸ்லினை ‘நல்லா இருக்கு’ என்று சொல்ல வைத்த காபி

என் மனைவி ரோஸ்லின் வாயிலிருந்து, நான் போட்ட காபியைப் பற்றி, ‘நல்லா இருக்கு’ என்று ஒரே ஒரு தடவை வரவழைக்காமல் ஓய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். சபதம் நிறைவேறிவிட்டது. அதனால்தான் இவ்வளவு சோகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் ஃபெலிக்ஸ். ஊர் திருச்சி. பிழைப்பு ஹைதராபாத்தில். வேலை பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். அங்கே நான் ‘பெயில்’ என்று சொல்லிவிட்டால் மேனேஜரே வாயைத் திறக்க மாட்டார். வீடு லோத்குண்டாவில். இங்கே நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ரோஸ்லின் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். திருமலகிரியில் ஒரு பேங்கில் வேலை. அவள் அப்பா இருதயராஜ் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆகி எங்களோடு இருக்கிறார். விடிவதற்கு முன்னால் எழுந்து வீட்டுக்கே ஃபில்டர் காபி போடுவது ரோஸ்லின்தான். பக்கத்து ஃபிளாட் சபீனாகூட, அவள் புருஷன் சலீம் போடுகிற டீயைச் சிங்க்கில் கொட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து குடிப்பாள். அப்படிப்பட்ட காபி. நானும் ஒழுங்காகக் குடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கெடுத்தவன் ஜகதீசன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட். ஒருநாள் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தான். பால் இல்லை, சர்க்கரை இல்லை, பார்க்க ஜுரக் கஷாயம். பயந்துகொண்டே ஒரு வாய் குடித்தேன். ஆரஞ்சுத் தோல் உரித்த வாசனை அடித்தது. நிஜமாகவே அடித்தது. பழத்தைப் பிழிந்தாயாடா என்று கேட்டேன். பழமும் இல்லை எசென்ஸும் இல்லை, கொட்டையிலேயே இருக்கிறது, பக்குவமாக வறுத்து, அரைத்து, மேலே மெல்லிசாக வெந்நீர் ஊற்றினால் தானாக வெளியே வரும், இதற்குப் பேர் போர் ஓவர் என்றான்.

எங்கள் வீட்டில் போர் ஓவர் வந்த அன்றுதான் போர் ஆரம்பமானது.

கண்ணாடிக் கூம்பு வந்தது. அதில் வைக்கத் தாள் வந்தது. கொக்கு மூக்கு மாதிரி நீண்ட மூக்கு வைத்த கெண்டி, கையால் சுற்றி அரைக்கிற மிஷின், சின்னத் தராசு, தெர்மாமீட்டர் எல்லாம் வந்தன. மேடையில் வரிசையாக வைத்தேன். ரோஸ்லின் எட்டிப் பார்த்து, யாருக்கு ஆபரேஷன் என்று கேட்டாள்.

ஜகதீசன் வாங்குகிற அதே இடத்தில் அதே கொட்டை வாங்கினேன். அவன் சொன்னபடியே அரைத்தேன். முதலில் கொஞ்சமாக வெந்நீர் விட்டு, பொடி உப்பிப் பூக்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வட்டம் வட்டமாக ஊற்றினேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது. குடித்தேன். ஆரஞ்சைக் காணோம். சாக்பீஸ் கரைத்த மாதிரி இருந்தது.

ஏன்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. கொட்டை மேல் பழியைப் போட்டு வேறொருவர் வறுத்ததை வாங்கினேன். அப்புறம் வேறொருவர். அரக்கு, சிக்மகளூர், கூர்க், ஏற்காடு என்று மலை மலையாக ஏறி இறங்கினேன். ஒரு பாக்கெட்டில் மல்லிகை என்று போட்டிருந்தது. ஒன்றில் கருப்பு திராட்சை. இன்னொன்றில் சுட்ட முந்திரி. ஒரு பாக்கெட்டில், சாமி சத்தியமாக, ‘மழைக்குப் பின் தோட்டம்’ என்று போட்டிருந்தது. எல்லாவற்றையும் வாங்கினேன். எல்லாமே என் கோப்பைக்கு வந்ததும் ஒரே மாதிரி சாக்பீஸ் ஆயின.

ஒருவேளை என் மூக்கில்தான் கோளாறோ என்று ரோஸ்லின் மூக்கில் ஒரு பாக்கெட்டை நீட்டினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முகர்ந்து, ஆரஞ்சுத் தோல், அதோடு கொஞ்சம் பாகு வெல்லம் என்றாள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதையேதான் அச்சடித்திருந்தார்கள். படித்துவிட்டுச் சொல்கிறாயா என்று கேட்டதற்கு, கண்ணாடியே போடலையே என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. மாசக் கணக்கில் நான் தேடுகிறது இவளுக்கு வெண்டைக்காய்க்கு நடுவில் கிடைக்கிறது.

ஆக, சரக்கு கொட்டையில் இருக்கிறது. கோப்பையில் இல்லை. நடுவில் எங்கே போகிறது? பொடியைச் சன்னமாக்கினேன். பருமனாக்கினேன். சூட்டை ஏற்றினேன், இறக்கினேன். வலம் சுற்றி ஊற்றியது போய் இடம் சுற்றி ஊற்றினேன். ஒவ்வொன்றையும் மாமாவிடம் நீட்டுவேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வருஷக்கணக்காக வெல்டிங் பக்கத்திலேயே நின்ற மனுஷன். எதைக் கொடுத்தாலும் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "சூடா இருக்கு மாப்பிள்ளை" என்பார். அவர் தருகிற பெரிய சர்ட்டிபிகேட் அதுதான். சின்ன சர்ட்டிபிகேட்டும் அதுதான். ரோஸ்லின் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, கோப்பையை என் பக்கமே தள்ளிவிட்டு, ஹைதராபாத் உருதுவில் "நக்கோங்க" என்பாள். வேண்டாம் என்று தமிழில் சொல்லியிருந்தாலாவது மனசு இவ்வளவு வலித்திருக்காது.

ஒரு சனிக்கிழமை நான் தராசில் பொடியை நிறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, கம்பெனியில உங்களுக்கு என்ன வேலை?"

"இது என்ன புதுசா கேக்கிற? தண்ணி டெஸ்ட் பண்றது."

"எதுக்குப் பண்றீங்க?"

"தண்ணி சரியில்லைன்னா மருந்து மொத்தமும் வீணாப் போயிரும்."

"ஹவ், சரிதான். அப்ப இந்தக் கெண்டியில இருக்கிறது என்ன தண்ணி?"

நான் குழாயைப் பார்த்தேன். குழாய் என்னைப் பார்த்தது.

எங்கள் ஃபிளாட்டில் சமையலறைக் குழாயில் வருவது போர்வெல் தண்ணி. பக்கெட்டில் வைத்தால் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. குடிக்கிற மஞ்சீரா ஆற்றுத் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கொஞ்ச நேரம் வரும். ரோஸ்லின் அதைக் குடத்தில் பிடித்து வைப்பாள். அவள் ஃபில்டருக்குப் போவது அந்தக் குடத்துத் தண்ணி. முதல் நாள் நானும் அதைத்தான் மொண்டேன். தாளை நனைக்கிறேன், கூம்பைச் சுட வைக்கிறேன் என்று அதில் பாதியைச் சிங்க்கில் ஊற்றியதைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில், முதல் கோப்பை போடுவதற்கு முன்பே குழாய்க்கு மாறியவன் நான். பகலெல்லாம் அடுத்தவன் டேங்க்கைப் பெயில் போடுகிறவன். சூட்டைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன், தாளின் ஊரைக்கூட விசாரித்தேன். ஊற்றுகிற தண்ணியைப் பார்க்கவில்லை.

ரோஸ்லின் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு கெண்டியில் ஊற்றிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு வந்தது ஆரஞ்சு. அதன் பின்னாலேயே வெல்லமும் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே ஜகதீசனுக்குப் போன் போட்டு, தண்ணியில்தானடா விஷயம், நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன். ‘நானே’ என்று சொல்லும்போது ரோஸ்லின் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தினவனுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அன்று அவள் குடித்துப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். சும்மா குடித்துச் சொன்னால் உங்களுக்காகச் சொன்னதாகிவிடும், நாளைக்குச் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் முறையாகப் போட்டியே வைத்துவிடலாம் என்றாள். உங்கள் காபியும் என் காபியும். சபீனாவும் அப்பாவும் நடுவர்கள். எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. பாலில் எல்லா ருசியும் அமுங்கிப் போகும் என்று சொல்வீர்களே, அதனால் நானும் பால் விடாமலே டிக்காஷன் தருகிறேன் என்றாள். இவ்வளவு நியாயம் அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஜெயிச்ச காபிதான் இனிமே இந்த வீட்டுக் காபி" என்று அறிவித்தேன்.

"தினமுமா?"

"தினமும்."

"காலையில குடிக்கிறதும் அதுதானா?"

"பின்ன? காலைக் காபிதானே காபி."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"ஃபெலிக்ஸ் சொன்னா சொன்னதுதான்."

ரோஸ்லின் அடக்கமாகத் தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு கோப்பை தயாரானது. நடுவர்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். சபீனா முதல் கோப்பையைக் குடித்து முகத்தைச் சுளித்தாள். அது டிக்காஷன். இரண்டாவதைக் குடித்ததும், ஏதோ பழ வாசனை வருதே, இதுதான் என்றாள். மாமா இரண்டையும் காலி பண்ணிவிட்டு, இரண்டுமே சூடாக இருக்கிறது என்றார். அப்படிச் சொன்னால் செல்லாது, ஒன்றைக் காட்டுங்கள் என்று மல்லுக்கட்டினேன். என்னுடையதைக் காட்டினார். அந்த இன்னொன்று என்னவோ பழைய டிக்காஷன் மாதிரி இருக்கும்மா, நேற்று மிஞ்சினதா என்று மகளிடம் கேட்டார். அவள் எழுந்து ஜன்னலைத் திறக்கப் போய்விட்டாள். தோற்றவர்கள் மனசு எனக்குப் புரியாதா? நான் பெருந்தன்மையாக அதைக் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் ரோஸ்லினுக்கு என் கையாலேயே ஒரு கோப்பை போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "இனிமே எனக்கு இதுதான் வேணும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஜென்மம் சாபல்யம் ஆனது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை. கோழிகூடக் கூவவில்லை. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். ரோஸ்லின். "காபி," என்றாள். போய்ப் போட்டுக்கொள்ளேன் என்று புரண்டு படுத்தேன். எனக்கு உங்கள் மாதிரி வட்டமாக ஊற்ற வராது, ஃபெலிக்ஸ் சொன்னா சொன்னதுதான் என்றாள்.

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஃபில்டரில் ஒருதடவை டிக்காஷன் இறக்கினால் ஊருக்கே ஊற்றலாம். இது ஒரு கோப்பை. அரைத்து, நிறுத்து, பூக்கவிட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கி, ஒரே ஒரு கோப்பை. மாமாவுக்கு ஒன்று போட்டு ரோஸ்லினுக்குப் போடுவதற்குள் மாமா இரண்டாவதுக்குக் கோப்பையை நீட்டினார். கதவு தட்டும் சத்தம். சபீனா சொந்த டம்ளரோடு நின்றாள். எனக்கு ஒன்று போட்டுக்கொள்ள நினைத்தபோது கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பட்டான்செரு வரைக்கும் ஜகதீசனின் ஃபிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டே போனேன்.

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. ரோஸ்லினை மட்டும் அந்த நேரத்தில் வீட்டில் காணோம். கன்டோன்மென்ட் ரோட்டில் சபீனாவோடு வாக்கிங். போய்விட்டுக் கன்னமெல்லாம் சிவந்து சிரித்துக்கொண்டே வருவாள். வந்ததும் கோப்பை தயாராக இருக்க வேண்டும்.

எப்போதிலிருந்து இந்த வாக்கிங் என்று சபீனாவிடம் நைசாகக் கேட்டேன். "அதை ஏன் கேக்கிறீங்கண்ணே. ஒரு வருஷமா கூப்பிடுறேன். காலையில எல்லாருக்கும் காபி போடணும், எங்க வர்றதுன்னு அழுவா. போன மாசம்தான் திடீர்னு ஷூ வாங்கிட்டு வந்து, கொஞ்சம் பொறு, அவருக்குத் தண்ணி மட்டும்தான் பாக்கின்னு சொன்னா," என்றாள்.

போன மாசம். அதாவது, குழாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட அந்தச் சனிக்கிழமைக்கு ரொம்ப முன்னால்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. கொடுத்த வாக்கை மீறக் கூடாது, அவ்வளவுதானே? நன்றாகப் போடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லையே. அவளே கோப்பையைத் தள்ளிவிட்டு, எனக்கு என் ஃபில்டரே போதும் என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கெண்டியைக் குழாயடியில் வைத்து நிறையப் போர் தண்ணி பிடித்தேன். தளதளவென்று கொதிக்கவிட்டேன். பொடியைப் புழுதியாக அரைத்து ஒரேயடியாக ஊற்றினேன். ருசி பார்க்க ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். சிங்க்குக்கு ஓடினேன்.

மாமா குடித்துவிட்டு, சூடாக இருக்கிறது என்றார். அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ரோஸ்லின் வாக்கிங் முடிந்து வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு புருவம் அசையவில்லை. நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். காலிக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்தை விட இன்னிக்குதாங்க ரொம்ப நல்லா இருக்கு."