பென்டிரைவ் கோட்டையும் கன்னையாவின் முற்றுகையும்

போர்ட் கிள்ளான் கிடங்குகளில் முப்பதாண்டு மூட்டை சுமந்த மலைமுதுகனை, ஐம்பத்து மூன்றாம் வயதில் விசைப்பலகை முன் அமர்ந்த தடித்தவிரல் வேந்தனை, கன்னையாவைப் போற்றுவோம்!

பிரிக்பீல்ட்ஸ் மாடிவகுப்பில் ஆறு திங்கள் தவமிருந்து, லோரிகளை வரிசைப்படுத்தும் நிரலொன்றை அவ்வீரன் ஈன்றெடுத்தான். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அது சுரேகா மிஸ் கண்முன் ஓடினால் சான்றிதழ், கிடங்கில் நாற்காலி. ஓடாவிட்டால் திங்கட்கிழமை மறுபடி மூட்டை.

மணி பதினொன்றே முக்கால். கம்பைலர் எனும் கடுங்கண் காவலனே பிழை காணாது வழிவிட்டான். "ஓடுக!" என ஆணையிட்டான் கன்னையா. "பெர்மிஷன் டினைட்" என்றது திரை. அனுமதி இல்லையாம்! பெற்ற பிள்ளையே வீட்டு வாசலில் நின்று அப்பனிடம் பாஸ் கேட்டாற்போல் திகைத்தான்.

சினந்தெழுந்து, கோப்புக்கு ஓடும் உரிமை வழங்கும் சிஎச்மாட் எனும் கணையை மும்முறை தொடுத்தான். கிணற்றில் விழுந்த கல்லாக அது சத்தமின்றி மறைந்ததேயன்றி, கதவு ஓரங்குலமும் அசையவில்லை. இறுதியில் சூடோ எனும் பேரதிகாரப் படைக்கலத்தை ஏவினான். "நீர் பட்டியலில் இல்லை, இச்சம்பவம் ரிப்போர்ட் செய்யப்படும்" என்று முழங்கியது இயந்திரம். துறைமுகத்தில் ரிப்போர்ட் என்றால் எச்சரிக்கைக் கடிதம். கொள்கலன் சரிந்தபோதும் கலங்காத நெஞ்சு கலங்கியது.

அடுத்த இருக்கையில் லோரி கம்பெனிக் கிளார்க் குமுதா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, பென்டிரைவ்ல வச்சா ஓட்டுறீங்க? இந்த மெஷின் அதுலேர்ந்து எதையும் ஓட விடாது லா. மெஷினுக்குள்ள காப்பி பண்ணுங்க."

"என் சாமான அடுத்தவன் லாக்கர்ல வைக்கறதா? முப்பது வருஷமா வச்சதில்ல."

"அப்ப மூட்டையே தூக்குங்க."

சாமி கயிற்றோடு கழுத்தில் கோத்து, குளிக்கும்போதும் மெஷினில் செருகும்போதும் மட்டுமே கழற்றிய அந்தப் பென்டிரைவை ஒருமுறை நோக்கினான். கடிகாரத்தையும் நோக்கினான். பல்லைக் கடித்து, பகைவன் பாசறையில் தன் மகவை ஒப்படைக்கும் மன்னனென நிரலை இயந்திரத்துள் நகலெடுத்து, மீண்டும் சிஎச்மாட் தொடுத்து, "ஓடுக!" என்றான். திரையெங்கும் லோரிகள் அணிவகுத்தன! மிஸ் கையெழுத்திட்டாள்! வகுப்பறை அதிர்ந்தது! வெற்றித்திருமகள் கொமுட்டர் ரயிலேறி உடன்வர, சான்றிதழை மார்போடணைத்து மீண்டான் மாவீரன்!

கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கிக் கழுத்தைத் தடவியபோதுதான், பென்டிரைவை அந்த மெஷினிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.