ஓட்டையில்லாத பட்டன்கள்

தையல்காரர் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரையும் கேட்காமல். பதினெட்டு நாள்.

ஊசியின் காது மங்கலாகத் தெரிந்தது. மாத்திரை தொடங்கியதும் இந்த வருஷம்தான், மங்கல் தொடங்கியதும் இந்த வருஷம்தான். அப்புறம் என்ன விசாரணை? தீர்ப்பு எழுதிவிட்டார். கண் போனால் கடை போச்சு.

மனைவியிடம் சொல்ல முடியுமா? காலையில் சாப்பிட்டு எழுந்தால் மாத்திரையும் தண்ணீருமாக எதிரே நிற்பாள். அண்ணாந்து தண்ணீரை மட்டும் குடித்தார். மாத்திரை உள்ளங்கையில். குப்பையில் போட்டால் கூட்டும்போது பார்த்துவிடுவாள். கடைக்குப் போனதும் சட்டைப் பட்டன் டப்பாவில் போட்டார். ஆயிரம் வெள்ளைப் பட்டனுக்கு நடுவே எவன் கண்டுபிடிப்பான்? அந்தக் கடையில் பட்டன் தைப்பது யார் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

"என்னங்க, எனக்குக் கண்ணு மங்குது. டாக்டர்கிட்ட துணைக்கு வாங்க."

"பாத்தியா! எனக்கும்..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "எனக்கென்ன, வர்றேன்."

கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூப்பிட்டது அவர் பெயரை.

"பேஷன்ட் நான் இல்லம்மா, இவதான்!"

"உட்காருங்க ஐயா. சொட்டு மருந்து விடணும்."

விட்டார்கள். இனி எங்கே ஓடுவது? வாசலே தெரியவில்லை.

மனைவி கைக்குட்டை முடிச்சை டாக்டர் மேஜையில் அவிழ்த்தாள். "பட்டன்னு நெனச்சுத் தைக்கப் பாத்தேன் டாக்டர். ஒண்ணுலயும் ஓட்டை இல்ல. எண்ணிட்டேன், பதினெட்டு கொழுப்பு மாத்திரை. ஊசியில நூல் கோக்கவும் இவரு தடவுறாரு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கடித்துப் பார்த்தார். படம் எடுத்தார்.

"கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் நல்லாத்தான் இருக்கு. இந்த மாத்திரை கண்ணோட ரத்த ஓட்டத்துக்கு உதவலாம்னுகூட சில ஆய்வு சொல்லுது. முடிவாச் சொல்ல இன்னும் நாளாகும்."

"அப்ப மங்கல்?"

"கண்ணாடி வாங்கி எத்தனை வருஷம்?"

"ஒம்பது."

"அதான். மாத்திரைய நிறுத்தணும்னா எழுதிக் கொடுத்த டாக்டரக் கேளுங்க. பட்டன் டப்பாவக் கேக்காதீங்க."

வெளியே வந்ததும் மனைவி மேல் பாய்ந்தார். "தெரிஞ்சும் ஏன்டி கேக்கல?"

"கேட்டா வந்திருப்பீங்களா?"

அவர் கையைப் பிடித்துப் படியிறங்க வைத்தாள்.

அடுத்த வாரம் புதுக் கண்ணாடி. நூல் ஒரே குத்தில் ஊசிக்குள் நுழைந்தது. அளவு கொடுக்க வந்தவர் வாயைப் பிளந்தார்.

"கண்ணு இவ்ளோ துல்லியமா! யாருங்க சரி பண்ணினது?"

"நானேதான் போய்..." என்று தொடங்கினார். பின்னாலிருந்து ஓர் இருமல்.

"எம் பொண்டாட்டி."